சீதன வண்டி

பிரிவு என்று முடிவானதும் சபை மூப்பர்கள் பேசி, அமரவிளையிலிருந்த என் கணவன் மனுவின் வீட்டிலிருந்து என் கட்டிலையும் அலமாரியையும் டெம்போவில் ஏற்றி அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சிவப்புக் காரை மனுவே ஓட்டி வந்தான். எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, சாவியை சீட்டில் போட்டுவிட்டு, நண்பனின் பைக்கில் ஏறிப் போய்விட்டான். நான் அழுவேன் என்று அம்மா தண்ணீரோடு பக்கத்தில் நின்றாள். அழுகை வரவில்லை. தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

அந்தக் காரின் மேல் மனுவுக்கு இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். வேகத்துக்காகப் பெரிய டர்போ வைத்தான். அதற்குத் தக்க பெரிய காற்றுக் குழாய், பெட்ரோல் பீய்ச்சுவதற்குப் பெரிய இன்ஜெக்டர்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. அவன் ஜங்ஷனில் திரும்பும் சத்தம் கேட்டதுமே என் மாமியார் தட்டில் சோறு போட ஆரம்பித்துவிடுவார். எனக்கு அவன் என்ன செய்தான் என்று யாராவது கேட்டால் அடித்தான், குடித்தான் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது அவனுக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான்.

காரைத் திருப்பித் தந்தபோது அவன் எதையும் கழற்றவில்லை. காரின் கம்ப்யூட்டரில் இந்த மாற்றங்களுக்காக ஏற்றியிருந்த புரோகிராமை மட்டும் அழித்து, கம்பெனியிலிருந்து வந்த பழையதைப் போட்டுவிட்டான். மூப்பர் ஒருவர் கேட்டதற்கு, "வண்டி அவளுக்கது, புரோகிராம் எனக்கதாக்கும்" என்றானாம்.

அதனால் கார் கறுப்புப் புகை விட்டது. பெட்ரோல் நாறியது. எல்லையிலுள்ள பனச்சமூடு ஜங்ஷனில் இரண்டு மாநிலத்து ஆட்களும் பார்க்க நின்றுபோனது. தள்ளிக்கொண்டு வந்தோம். அப்படியே கிடந்திருக்கும், என் தங்கை ஜோஸ்னாவுக்குக் கல்யாணம் உறுதியாகாவிட்டால். மாப்பிள்ளை பாறசாலைக்காரன், சானு. புது வண்டியெல்லாம் எதற்கு, அக்காவின் சிவப்பு வண்டியே போதும் என்று சொன்னான். என்ன பெருந்தன்மை என்று எல்லோரும் மெச்சினார்கள். வண்டி என் பெயரில் இருந்தது. அதை மாற்ற நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"சும்மா கிடக்குத வண்டிதானே மக்கா" என்றார் அப்பா.

நானும் சும்மாதான் கிடந்தேன். சரி என்றேன்.

மனுவுக்கு முதலில் புரோகிராம் போட்டுக் கொடுத்த ஷிஜுவிடமே காரைக் கொண்டுபோனோம். ஒற்றசேகரமங்கலத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. ஜோஸ்னாவும் கூட வந்தாள். வழியில் கார் நான்கு இடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் அவள் சானுவுக்கு மெசேஜ் அனுப்பினாள்.

ஷிஜு பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மனு அண்ணனுக்குப் போட்ட பழைய புரோகிராம் என்னட்ட உண்டு சேச்சி. அத ஏத்துனா இப்பவே தீர்ந்து போவும்."

"வேண்டாம். புதுசாப் போடுங்க."

மனு சாப்பிட்ட தட்டைக் கழுவியது போதும் என்று நினைத்தேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி லாப்டாப்போடு இணைத்தான். "இன்ஜெக்டர் பெருசானது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சின்னதுன்னு நெனச்சு பழைய கணக்கில தொறந்து வைக்கு. பெட்ரோல் கூடுதலாப் பாயுது. காத்துக்கும் கணக்குத் தப்பு. அதாக்கும் மூச்சு முட்டி நிக்குது." இன்ஜெக்டரின் அளவையும் காற்றுக் குழாயின் அளவையும் மாற்றி எழுதினான். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபம். சற்று நேரத்தில் இன்ஜின் இருமலை நிறுத்திவிட்டு ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

"இனி ரோட்டில பாக்கணும். நான் லாப்டாப்பப் பாப்பேன், நீங்க ஓட்டுங்க. மூணாம் கியர்ல மெதுவா வந்து, நான் சொல்லும்போ முழுசா மிதிக்கணும். விடுன்னா விடணும்."

இரண்டு பக்கமும் ரப்பர்த் தோட்டம். ஆள் இல்லாத ஒரு நேர்ச்சாலை. அவன் சொன்னதும் மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பின்னால் ஜோஸ்னா சிரித்துக் கத்தினாள். எனக்கு நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. ஊசி குத்தும்போது சிலர் தங்கள் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்கள். அதுபோல சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விடுங்க. இன்ஜினுக்குள்ள தட்டுத சத்தம் வருது, டர்போவக் கொஞ்சம் கொறைக்கணும்."

அவன் குறைத்தான். மறுபடி மிதித்தேன். மறுபடி ஏதோ மாற்றினான். கடைசியில், "நல்லா ஓட்டுதிய சேச்சி. கால் ஆடவே இல்ல" என்றான். யாராவது என்னைப் பாராட்டி வெகு காலம் ஆகியிருந்தது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியபோது பட்டறைக்கு வந்து சேர்ந்திருந்தோம்.

அப்போது சானு அழைத்தான். ஜோஸ்னா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷிஜுவே, கால எடுக்கும்போ சைலன்சர் படபடன்னு வெடிக்கணும், கேட்டியா? பின்ன, பொம்பளப் பிள்ளியள ஓட்ட விடாத. கிளட்ச் போவும்."

ஜோஸ்னா சிரித்தாள். "எப்பவும் கேலிதான் அவருக்கு" என்றாள். மனுவும் கல்யாணம் முடிந்த வாரத்தில் இதே பேச்சைத்தான் பேசினான். நானும் இப்படித்தான் சிரித்தேன். பிறகு, என் அப்பா வாங்கித் தந்த வண்டியில் இடது சீட்டில் உட்கார்ந்தே மூன்று வருடம் போனது.

ஷிஜு லாப்டாப்பிலிருந்து நிமிர்ந்தான். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. பெடல் எப்படி வேணும்? தொட்டதும் பாயணுமா, பையப் போவணுமா? யாரு ஓட்டுதாவளோ அவிய சொல்லணும்."

நான் ஜோஸ்னாவைப் பார்த்தேன். "நீ சொல்லு." அவளுக்கு லைசென்ஸ் உண்டு. ரிவர்ஸ் எடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

அவள் ஃபோனை எடுத்தாள். "அவர்ட்ட கேட்டுச் சொல்லுகேன்."

எனக்குச் சுருக்கென்று வலித்தது. மாதக்கணக்கில் எதுவும் வலிக்காதவளுக்கு அது கிட்டத்தட்ட அதிசயம்.

"ஃபோன வை" என்றேன். "இந்த வண்டி உனக்கு இல்ல. கையெழுத்துப் போட மாட்டேன்." ஷிஜுவிடம் திரும்பினேன். "எனக்கு ஏத்த மாதிரி வையுங்க. வெடிச் சத்தம் வேண்டாம். மழையில ஏத்தத்தில நிக்காம வேலைக்குப் போனாப் போதும்."

ஷிஜு தலையைக் குனிந்து தட்டச்சு செய்யத் தொடங்கினான்.

"என்னக்கா சொல்லுத?" ஜோஸ்னா ஃபோனை இறக்கினாள். "அவிய வீட்டில நான் என்ன சொல்லுவேன்?"

"வண்டி இல்லன்னு சொல்லு. வண்டிக்காக வாறவன் வரவேண்டாம்."

"அவரு மனு அண்ணன் இல்ல."

"மனுவும் முதல்ல மனு இல்ல."

"உனக்கு வாழ்க்க இல்லாமப் போச்சு. அதனால எனக்கும் இல்லாம ஆக்குத."

இருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. அப்படியும் இருக்குமோ என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள்.

ஷிஜு வயரைக் கழற்றித் தந்ததும் பின்னாலேயே போனேன். ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன். கார் நிற்காமல், புகை விடாமல், சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறு. வீட்டில போய்ப் பேசலாம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா உன்னட்ட கேக்காம வண்டிய எனக்குத் தந்தாரு. அது தப்பு. எனக்கு மனசிலாவும். நீ என்னட்ட கேட்டியா அக்கா? இந்தக் கல்யாணம் எனக்கு வேணுமா, வேண்டாமான்னு ஒரு வார்த்த?"

வெள்ளறடை பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

வண்டியைக் கொடுக்கப் போவதில்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கல்யாணம் வேண்டுமா என்பதை மட்டும் அவளிடம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், முந்திப் போக இடம் இருந்தும் முந்தாமல், அந்த பஸ்ஸின் பின்னாலேயே வீடுவரை ஓட்டினேன்.