திங்கட்கிழமை ஊட்டிய முட்டைச் சோறு

ஏழாவது பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு என்று புதன்கிழமை காலையில் கேள்விப்பட்டபோது மீனம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். இரண்டு வயது சுமனுக்குக் காய்ச்சலில் வலிப்பே வந்துவிட்டது. தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

தண்ணீர்த் தாங்கியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு.

மத்தியானம் சுகாதாரப் பரிசோதகர் வினோஜன் வந்தார். வீடு வீடாகப் போய் யார் எங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு, கடைசியாக அவளிடம் வந்தார்.

"தண்ணி எல்லாரும்தான் குடிக்கிறாங்க அக்கா. ஆனா திங்கக்கெழம இங்க வராத புள்ளைங்க ஒண்ணுக்கும் ஒண்ணுமில்ல. அன்னைக்கு என்ன குடுத்தீங்க?"

அன்று முட்டை அவியும்போதே கேஸ் தீர்ந்துவிட்டது. மஞ்சள் கரு வழவழவென்று இருந்ததை மீனம்மா பார்த்தாள். பிள்ளைகள் பசியில் அழுதன. அப்படியே சோற்றில் பிசைந்து ஊட்டிவிட்டாள். வேனில் விற்க வந்தவனிடம் வாங்கிய, ஓடு கீறல் விட்ட முட்டை வேறு.

"சோறும் பருப்பும்தாங்க சார்."

அவர் எழுதிக்கொண்டு குடையை விரித்து இறங்கினார்.

வேலை தப்பியது என்று மூச்சு விட்டவளுக்கு, மிச்ச முட்டைகள் நினைவுக்கு வந்தன. நேற்றுச் சாயங்காலம் ஆறு முட்டையை அழகம்மாவிடம் கொடுத்திருந்தாள். அழகம்மாவின் மகள் சுலக்ஷனா வயசுக்கு வந்து நான்கு நாள். தினமும் காலையில் அவளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கிறார்கள்.

மீனம்மா மழையில் வெறுங்காலோடு ஓடினாள்.

"சார், நில்லுங்க. பொய் சொல்லிட்டேன். முட்டதான் குடுத்தேன். சரியா வேகல."

வினோஜன் திட்டவில்லை. "மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அழகம்மா வீட்டுக் கூடையில் ஐந்து முட்டைகள் இருந்தன. பாயில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணு காலையில குடிச்சிட்டா. ஏன் கேக்குறீங்க?" என்றாள் அழகம்மா.

வினோஜன் விஷயத்தைச் சொன்னார். காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்தார். முட்டைகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குச் சுலக்ஷனாவின் உடம்பு கொதித்தது. சீட்டு இருந்ததால் ஆஸ்பத்திரியில் டொக்டர்மாருக்கு நோய் என்னவென்று தேட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள். சுமன் வரப் பதினொரு நாளானது. தாயின் தோளில் துணி மாதிரி கிடந்தான். ஆனால் உயிரோடு வந்தான்.

முட்டையில் சல்மொனெல்லா கிருமி இருந்ததாக அறிக்கை வந்தது. அதற்கு முன்பே பூண்டுலோயாப் பக்கம் போன அந்த முட்டை வேனை மடக்கியிருந்தார்கள்.

மீனம்மாவின் பிள்ளைக்காம்பரா வேலை போய்விட்டது. இப்போது மலையில் கொழுந்தெடுக்கிறாள். சுமனின் தாய் அவளிடம் இன்னும் பேசுவதில்லை. அழகம்மா மட்டும் ஒருநாள் பக்கத்து நிரையில் நின்று, "நீ அன்னைக்கு ஓடி வராம இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தாள். மீனம்மா கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டாள்.