பதினாலு காரு

"மெல்ல, மெல்லப்பா! இடிச்சுடப் போறீங்க!" என்று இந்திராணி கத்தினாள்.

ஐஸ் பெட்டியோடு விஜயராகவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். செத்த புருஷனுக்கு வலிக்குமோ என்று பதறுகிறாளே என்று தெருப்பெண்கள் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அவள் பதறியது கூடத்துச் சுவரோரம் நின்ற கண்ணாடி அலமாரிக்காக. விஜயராகவனால் பேச முடிந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அலமாரியில் பதிமூன்று கார்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட இருக்காது. கதவு திறக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். பம்பரில் துரு, மட்கார்டில் காய்ந்த சேறு, நம்பர் பலகையில் உரிந்த பெயின்ட் எல்லாம் அசலில் எப்படியோ அப்படி. சித்தூர் பஜாரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லென்ஸ் பொருத்திய விஜயராகவனின் கை செய்த கார்கள் அவை. புது பிரேமில் சும்மா பேருக்கு மாட்டி வருகிற பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெட்டி, அரத்தால் தேய்த்துக் கார்களுக்கு முன்கண்ணாடி வைப்பார். இவ்வளவும் செய்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள் பிரேக்கையே நம்பாமல் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துகிற ஆள்.

பதினாலாவது கார் ஜன்னலோர மேஜையில் இருந்தது. சிவப்பு மாருதி. பின்சக்கரம் ஒன்று இல்லாமல், ரப்பர் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து நின்றது. அந்தச் சக்கரத்தை ஒட்ட உட்கார்ந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திருப்பதி ஆஸ்பத்திரியில், மூக்கிலிருந்த குழாயை ஒதுக்கிவிட்டு அவர் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான்.

"சக்கரம் தீப்பெட்டியில கீது. பெருக்கறப்ப தூக்கிப் போட்டுடாத."

"போடல. நீங்க பேசாம படுங்க" என்றாள் இந்திராணி.

அவரும் பேசாமல் படுத்துக்கொண்டார்.

சாவு வீட்டை நடத்தும் பொறுப்பை இந்திராணியின் அண்ணன் கோபிகிருஷ்ணன் எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர். விசைத்தறிக்காரர்கள் சங்கத்தின் துணைத்தலைவர்களில் ஒருவர். துணைத்தலைவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்பது சங்கத்துக்கே தெரியாது. நேற்றுவரை, "மச்சான் இன்னும் பொம்ம வெச்சு ஆடிக்கினு கீறாரா?" என்று கேட்டவர், விடிந்ததிலிருந்து போனில், "மாபெரும் கலைஞன் சார், பதினாலு காரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வேகத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே பிளெக்ஸ் கடைக்கும் போன் போட்டார். தெலுங்கில்தான் பேசினார். அவருடைய தெலுங்கு மேடைத் தெலுங்கு என்பது அவரே சொல்லும் செய்தி. கடைக்காரன், "பேரு தர்வாத்த காரு பெட்டாலா சார்?" என்று கேட்டான். பெயருக்குப் பின்னால் 'காரு' என்று மரியாதை போடவா என்பது அவன் கேள்வி. கோபிகிருஷ்ணனின் காதில் காலையிலிருந்து ஓடியது வேறு காரு.

"ஒகட்டி காதய்யா, பத்நாலுகு பெட்டு!" என்றார். ஒன்று போதாது, பதினாலும் போடு.

பதினாலு என்றதும் மோட்டார் கார் என்றே எடுத்துக்கொண்ட அவனும், சாவு வீட்டு ஆர்டர் என்று குறை வைக்கவில்லை. பதினொரு மணிக்குத் தெருமுனையில் பிளெக்ஸ் ஏறியது. நடுவில் விஜயராகவனின் பாஸ்போர்ட் போட்டோ. பின்னால் பளபளவென்று பதினாலு வெளிநாட்டுக் கார்கள், ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் மாதிரி. ஓரத்தில் கைகூப்பிய கோபிகிருஷ்ணன், செத்தவரைவிடச் சற்றுப் பெரிதாக.

மகள் ரோஹிணி போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாமா, இன்னா இது? நைனா டிராவல்ஸ் வெச்சிருந்தாருன்னு நெனச்சிக்கப் போறாங்க!"

கோபிகிருஷ்ணன் வாசலுக்குப் போய் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "நெனச்சா இன்னா கெட்டுப்போச்சு? உங்க நைனாவுக்குத் தான மரியாத?" என்றார்.

இந்திராணியின் கண் மேஜையிலேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் ஓரத்தில் கைவைத்து நின்றார்கள். யாராவது ஒருவர் அங்கிருந்த தீப்பெட்டியை எடுத்து பீடி பற்றவைக்கத் திறந்தால் போதும், சக்கரம் போய்விடும்.

சடங்கு செய்ய வந்தவர் கூடத்துக்கு வந்து பொதுவாகக் கேட்டார்: "எடுக்கறதுக்கு முன்னாடி கேக்கறது வழக்கம்மா. அவருக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க. குறையோட வாசல் தாண்டக்கூடாது."

"பட்டுச் சால்வை சொல்லியிருக்குது" என்றார் கோபிகிருஷ்ணன். "பூத்தேர், பேண்டு வாத்தியம், சங்கத்துலருந்து மலர்வளையம். ஒரு குறையும் இல்ல."

அப்போது வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது. வெள்ளைச் சட்டைகள் வழிவிட, கட்சிக்காரர் முரளி மாலையோடு உள்ளே வந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழி. தெருமுனை பிளெக்ஸைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு மனிதர் தன் ஊரில் இருந்தது தனக்குத் தெரியாமல் போனதே என்ற வருத்தம் அவர் முகத்தில் உண்மையாகவே இருந்தது. மாலையைப் போட்டார், கும்பிட்டார், கோபிகிருஷ்ணனின் தோளில் கைவைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பண்ட்லன்னி எக்கட?"

வண்டியெல்லாம் எங்கே என்ற அந்தக் கேள்விக்கு மேடைத் தெலுங்கில் பதில் இல்லை. கோபிகிருஷ்ணன் மெதுவாகக் கையை நீட்டி அலமாரியைக் காட்டினார்.

முரளி அலமாரியைப் பார்த்தார். கோபிகிருஷ்ணனைப் பார்த்தார். பிறகு அவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணாடியில் மூக்கு பட ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தவர், சிவப்பு மாருதியைக் கையில் எடுத்தார்.

"அய்யய்யோ, இதி மா பண்டி! மா நான்னதி!" கட்சிக்காரக் குரல் எங்கோ போய், அப்பாவின் காரைக் கண்ட பையனின் குரல் வந்தது. "ஏம்மா, எங்க நைனா வெச்சிருந்த வண்டி மாதிரியே கீது. இத்த நான் எடுத்துக்கினு போவட்டா?"

"தீஸ்கோண்டி அன்னா, தீஸ்கோண்டி!" என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் கோபிகிருஷ்ணன். போன மானம் திரும்பி வருகிற அவசரம் அவருக்கு.

இந்திராணி எழுந்தாள். புருஷன் தலைமாட்டிலிருந்து இப்போது எழுந்திருக்கக் கூடாது என்று இரண்டு பெண்கள் தோளைப் பிடித்தார்கள். கைகளை விலக்கிவிட்டு வந்தாள். முரளியின் சட்டைப் பைக்குத்தான் அவள் தலை எட்டியது.

"அத்த கீழ வெச்சிடுங்க. அதுக்குச் சக்கரம் இல்ல."

"இந்திராணி!" என்று அண்ணன் பல்லைக் கடித்தார். "ஒரு சொட்டு பெவிக்விக் வெச்சா ரெண்டு செகண்டு. குடு, நான் வெக்கிறேன்."

"அது வெச்சா அந்தப் பொகைக்குக் கண்ணாடி வெளுத்துப்பூடும்ணா. அவரு அத்த வீட்டுக்குள்ளயே உடமாட்டாரு. நீ தொடாத." பிறகு சடங்குக்காரரிடம் திரும்பினாள். "கேட்டீங்களே, இதான் குறை."

சடங்குக்காரர் வாட்ச்சைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். அவருடைய இத்தனை வருஷத் தொழிலில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"அப்ப... தீத்துடுங்கம்மா" என்றார்.

முரளி காரை ரப்பர் துண்டின் மேல் அலுங்காமல் வைத்தார். "செய்யண்டம்மா. நாங்க நிக்கிறோம்."

இந்திராணி மேஜை முன் உட்கார்ந்தாள். அவர் வைத்திருந்த, கலந்தால் இறுகுகிற இரண்டு டியூப் பசையையும் சம அளவு பிதுக்கி, உடைந்த டைல்ஸ் துண்டில் ஈர்க்குச்சியால் குழைத்தாள். அவள் ஒருநாளும் இதைச் செய்ததில்லை. சமையலறை வாசலில் நின்று, சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, பார்த்துக்கொண்டே இருந்ததுதான். தீப்பெட்டியிலிருந்த சக்கரத்தை எடுத்து வைத்து அழுத்தினாள். வண்டி நகராமலிருக்க இடது கட்டைவிரல் கதவில் ஊன்றியது.

"எவ்ளோ நேரம்மா?" என்றார் அண்ணன், சத்தமில்லாமல்.

"காயற வரிக்கும்."

வாசலில் பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தரையில் இறக்கி வைத்தார்கள். வெள்ளைச் சட்டைகள் வெயிலில் நின்றன. கோபிகிருஷ்ணனுக்குக் கையும் காலும் நிற்கவில்லை. டேபிள் பேனை இழுத்துவந்து தங்கையின் கைப்பக்கம் திருப்பினார்.

"காத்து அடிச்சா தூசி ஒட்டும்ணா."

அவர் பேனை அணைத்தார். அதன் பக்கத்திலேயே, தறியில் நூல் அறுந்தால் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் இந்திராணி உள்ளே பார்த்தாள். பின்சீட்டு இருந்தது, ஸ்டியரிங் இருந்தது, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம்கூட, மஞ்சள் அடித்த கடுகாக இருந்தது. டிரைவர் சீட்டு மட்டும் முன்னால் வந்து ஸ்டியரிங்கை ஒட்டி நின்றது. அளவு தப்பிப் போனதோ என்று முதலில் நினைத்தாள். அவர் அளவு தப்புகிறவர் இல்லை.

பல வருஷம் முன்பு பக்கத்துத் தெருவில் இப்படியொரு சிவப்பு மாருதி விலைக்கு வந்தது. வாங்கலாமா என்று அவள்தான் கேட்டாள். "வாங்கலாம், யாரு ஓட்றது?" என்றார். "ஏன், நான் ஓட்டறேன்" என்றாள். அலமாரி மேல்தட்டு எட்டுவதற்கே முக்காலி போடுகிறவள். அண்ணன் உருண்டு உருண்டு சிரித்தார். விஜயராகவன் சிரிக்கவில்லை. அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், கடையில் கண்ணாடி பிரேமுக்கு முகம் பார்க்கிற மாதிரி.

பசை காய்ந்தது. ரப்பர் துண்டை உருவினாள். வண்டி நாலு சக்கரத்தில் நின்றது.

"எடுக்கலாம்" என்றாள்.

பேண்டு முழங்கியது. முரளி அந்தக் காரை மறுபடி கேட்கவில்லை. பாடைக்குப் பின்னால் தெருமுனைவரை நடந்தே போனார். அங்கே பதினாலு வெளிநாட்டுக் கார்களின் கீழே எல்லோரும் குனிந்து போகவேண்டியிருந்தது. பிளெக்ஸைத் தாழ்வாகக் கட்டிவிட்டார்கள்.

கூட்டம் போனபின் கூடத்தில் ஊதுபத்தி மட்டும் புகைந்தது. ரோஹிணி காரை அலமாரியில் வைக்க எடுத்தவள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். விரல் தடம் இல்லாத வண்டிதான் அலமாரிக்குள் போகும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"அம்மா, கதவுல உன் கட்டவிரலு ரேகை உழுந்துகீது பாரு." இழுப்பறையைத் திறந்து, அவர் கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்தாள்.

"இந்திராணி, வாம்மா, தலைக்குத் தண்ணி ஊத்தணும்" என்று பின்கட்டிலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள்.

இந்திராணி மகளிடமிருந்து துணியை வாங்கினாள். நாலாக மடித்தாள். இழுப்பறையில் வைத்துச் சாத்திவிட்டு, பின்கட்டுக்குப் போனாள்.