ஆறு இஞ்சு வைஸ்

வைஸ் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னா வேலைக்கு?"

"எல்லா வேலைக்கும்" என்றேன்.

2008, ஆனி மாதம். சென்னை பாரிமுனைக்குப் பின்னால் இரும்புச் சாமான் விற்கும் சந்து. சாமானைக் கவ்விப் பிடிக்க இரண்டு தாடை, இறுக்க ஒரு திருகு, திருப்ப ஒரு கைப்பிடி. வைஸ் என்றால் அவ்வளவுதான், ஆனால் அதில் எத்தனை ரகம்! மரப்பலகை பதித்த தாடையோடு தச்சர்களுக்கு ஒன்று, குழாய் பிடிக்கச் சங்கிலி போட்டது ஒன்று. கடைக்காரர் வழவழப்பான தாடை கொண்ட நாலு இஞ்சு வைஸைத் தட்டிக் காட்டினார். எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிந்தது. நான் கை வைத்தது ஆறு இஞ்சு வார்ப்பிரும்பு வைஸ் மேல். அதன் தாடை முழுக்க அரம் மாதிரி பல் வெட்டியிருந்தது.

செய்யார் சிப்காட்டில் நான் ஃபிட்டராக இருந்த கம்பெனியில் அந்த ரகம்தான் உண்டு. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசிவிட்டு அங்கிருந்து வெளியே வந்தவன் நான். எனக்கு எதிலும் அந்த ஒன்று அதிகம். போல்ட் இறுகிய பிறகும் இன்னும் ஒரு சுற்று சுற்றினால்தான் கை அடங்கும். நான் மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்கத் தெருவில் ஆள் தேட வேண்டியிருக்கிறது என்று என் மனைவி கனிமொழி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆரணி கொசப்பாளையத்தில் பட்டறை போட்டேன். தறிக்காரர்கள் தெரு அது. எங்கள் கிராமத்தில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அவர்களில் அந்தத் தெருவில் கடை போட்ட முதல் ஆள் நான்தான். முதல் மாதம் ஜன்னல் கொக்கி, சைக்கிள் ஸ்டாண்டு, ஒரு இட்லிப் பானையின் கைப்பிடி, இவ்வளவுதான் வந்தது. தறிச் சாமான் ஒன்றுகூட வரவில்லை. வைஸை எண்ணெய் போட்டுத் துடைப்பதும், வாசலில் போய் நிற்பதும், திரும்ப வந்து துடைப்பதுமாகப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஆவணியில் ரேணுகாம்பாள் அக்கா வந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். கணவர் லோகநாதன் பட்டு வாங்கி விற்க ஊர் ஊராகப் போவார், வீட்டுத் தறி அக்கா கையில். கையில் ஒரு நாடா கொண்டுவந்திருந்தார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களின் மேல் ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுமே, அந்த மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். அதில் ஒரு கூர் ஆடியது.

"ஜல்தியா சரி பண்ணிக் குடுப்பா தென்னரசு. எம் பொண்ணு ஜெயப்ரியாவுக்கு ஐப்பசியில கல்யாணம். ஊருக்கெல்லாம் நெஞ்சுகினு கீறோம், அவளுக்குன்னு இப்பத்தான் பாவு ஏத்திக்கிறேன். ஒரு நூல் அந்தாலும் எனுக்குத் தாங்காது."

எனக்கு வந்த முதல் தறிச் சாமான் அது. கூரைப் பிடுங்கிப் புதிதாக அடித்து இறக்க வேண்டும், அதற்கு நாடா அசையக் கூடாது. நல்ல வேளையாக, அதே ஜாதி மரத்துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. முதலில் அதை வைஸில் வைத்துப் பழகினேன். பிறகு நாடாவை வைத்தேன். பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகும் இன்னும் ஒரு சுற்று சுற்றினேன்.

கூர் ஊசி மாதிரி நேராக உட்கார்ந்தது. ஆனால் வைஸை விட்டதும் பார்த்தால், நாடாவின் இரண்டு பக்கமும் வரிவரியாகப் பல் பதிந்திருந்தது. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தேன், மெழுகு பூசினேன். அதே தழும்பு விழுந்த அந்தப் பழகின துண்டையும் அப்படியே தேய்த்து வழவழப்பாக்கி ஒப்பிட்டுப் பார்த்தேன். கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. சாயங்காலம் அக்கா வந்து நாடாவை வாங்கிக்கொண்டு போனார். தழும்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று ராத்திரி மழை. காலையில் பட்டறையைத் திறந்தால் ஓட்டிலிருந்து ஒழுகி மேசை நனைந்து கிடந்தது. அந்த மரத்துண்டும் நனைந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். தேய்த்து மறைத்த பல் தடங்கள் அத்தனையும் திரும்ப எழும்பி நின்றன. நசுங்கிப் படுத்திருந்த மரநார் ஈரத்தில் ஊறி உப்பிவிட்டது. விரல் வைத்தால் சிராய் குத்தியது.

அக்கா வீட்டில் தரையில் பள்ளம் வெட்டிப் போட்ட குழித்தறி. அந்த அறையில் எப்போதும் ஈரம் இருக்கும், பட்டுக்கு அது வேண்டும். நாடாவும் ராத்திரி முழுக்க அங்கேதான் இருந்திருக்கும். ஒரே ஓட்டம் போதும், ஒரு சிராய் போதும், கல்யாணப் பாவு கிழிந்துவிடும். அப்புறம் அந்தத் தெருவில் என்ன பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "அந்தப் பையன்கிட்ட குடுத்தா இப்படித்தான்" என்பார்கள்.

கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன். நாலு வீடு நாற்பது வீடாக நீண்டது. பாதி வழியில்தான் காதில் விழுந்தது, அதாவது விழவில்லை. ஒரு தறிச் சத்தமும் இல்லை. எல்லாரும் அக்கா வீட்டில் கூடிவிட்டார்களோ, அவ்வளவு பெரிய சேதமோ என்று இன்னும் வேகமாக ஓடினேன்.

அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, பேய் அடிச்சா மாதிரி வந்துகினு கீற?"

"நாடா, அக்கா. தறி..."

"இன்னிக்கு அமாவாசை. யாரு தறியில உக்காருவா?"

கம்பெனி ஷிப்டிலேயே வருஷங்களைக் கழித்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நினைவிருக்கும். அமாவாசையன்று எந்தத் தறியும் ஓடாது என்பது தெருக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உள்ளே போனதும், நாளைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி நாடாவை வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. தண்ணீர்ச் சொம்போடு அவர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா போய் நாடாவை எடுத்து வந்தார். ஒரு கழிவுப் பட்டு இழையை அதன் பக்கத்தில் வைத்து மெல்ல இழுத்தார். பாதியில் சிக்கி, பட்டென்று அறுந்தது.

"நேத்தே சொல்றதுக்கு உனுக்கு வாய் இல்லயா? அமாவாசை இல்லன்னா இந்நேரம் எம் பொண்ணு பாவு இன்னா ஆயிட்டிருக்கும்?" என்னைத் திட்டிய எவரிடமும் நான் அதுவரை பேசாமல் இருந்ததில்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

"வா" என்று எழுந்தார். நேராக என் பட்டறைக்கு நடந்தார். வைஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த எமன்ல வெக்காத. நான் புடிச்சிக்கிறேன், நீ சொரண்டு."

தரையில் உட்கார்ந்து நாடாவை இரண்டு கையாலும் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன், தண்ணீர் தொட்டு நாரை எழுப்பிவிட்டுத் திரும்பத் தேய்த்தேன். மூன்று முறை அப்படிச் செய்த பிறகுதான் இழை சிக்காமல் ஓடியது. அதுவரை நாடா ஒரு நூல் அளவுகூட நகரவில்லை. இறுக்கிப் பிடித்து அவர் விரல்கள் வெளுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். தறி ஓட ஆரம்பித்தது. நாடாவின் ஒவ்வொரு ஓட்டத்தையும் காது கொடுத்துக் கேட்டேன். நூறுக்கு மேல் எண்ணியிருப்பேன். சத்தம் நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாக ஒரு கை வந்தது. அதில் இன்னொரு நாடா.

"ஒரு நூலும் அறல. நீ அங்க நின்னுகினு கீறதுதான் எனுக்கு பேஜாரா கீது. இதுலயும் கூர் ஆடுது. அந்த எமன மாத்திட்டு வந்து அப்புறம் கை வை."

அன்றே வைஸைக் கழற்றிச் சாக்கில் கட்டிப் பஸ் ஏறினேன். அதே சந்து, அதே கடைக்காரர், அதே கேள்வி. இந்த முறை பதில் சொல்லாமல் நாடாவை மேசை மேல் வைத்தேன். அக்கா பட்டறையில் விட்டுப்போன பட்டு இழையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கடையில் இருந்த வைஸ் ஒவ்வொன்றின் தாடையிலும் இழுத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

"வைஸ் வாங்க வந்தியா, பொடவ வாங்க வந்தியா?" என்று அவர் எரிந்து விழுந்தார். எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசியில் இழை சிக்காமல் ஓடியது, நான் விளையாட்டுச் சாமான் என்று நினைத்த அந்த நாலு இஞ்சில்தான். பெரியதைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப எடுத்துக்கொண்டார். நாடாவை நாலு இஞ்சின் தாடைக்கு நடுவே வைத்துக் கைப்பிடியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு சுற்றுக்குக் கை துடித்தது. முழங்காலோடு சேர்த்துப் பிடித்த அக்காவின் கைகளை நினைத்துக்கொண்டு கைப்பிடியை விட்டுவிட்டேன்.