மாடிக் கடிகாரத்தின் திருத்தம்

ஆய்வகத்தில் எல்லோரும் அவரைத் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் இருந்தாலும் போதாது அவருக்கு. மாடியில் இருந்த அயனிக் கடிகாரம் அவருடையது. கீழ்த்தளத்தில் இருந்தது அவர் மனைவியுடையது. இரண்டிலும் வெற்றிடக் கூண்டுக்குள் ஒரே ஒரு அயனி மிதக்கும். அதன் துடிப்போடு லேசரை ஒத்திசைத்து நேரத்தை அளப்பார்கள். ஒரு கடிகாரத்தை மட்டும் பார்த்து அது சரியா என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்றோடு ஒப்பிட்டாக வேண்டும்.

"உங்க கடிகாரத்தை நம்பி ரயிலேற முடியுமா?" என்று அவள் சீண்டுவாள்.

"நீ முதல்ல உன்னோடதைப் பாரு."

அந்த மாதம் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அசையாமல் நின்றது. தன் பக்கம்தான் கோளாறு என்று அவள் லேசர், காந்தப்புலம், கூண்டின் வெப்பம் எல்லாவற்றையும் குடைந்து பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை. ஒரு மதியம்தான் அந்த எண் அவளுக்குப் பிடிபட்டது. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவதால் அங்கிருக்கும் கடிகாரம் துளி வேகமாக ஓடும். அதைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் சரியாக அந்த ஒரு மாடி உயரத்துக்கானது. யாரோ இரண்டு முறை கழித்திருக்கிறார்கள்.

மாடிக்குப் போனாள்.

"என்னங்க, உயரத் திருத்தத்தைக் கையால போடுறீங்களா?"

"நான் போடாம வேற யாரு போடுவா?"

"புரோகிராமே போட்டுடுதே."

"எந்தப் புரோகிராம்?"

திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

"நல்லா எழுதியிருக்காங்களே. யாரு இது?"

போன மாதம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவரே எழுதியது. விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. இறந்துபோன தன் அண்ணனுக்குப் போன் போடச் சொன்னார் முன்பு ஒருநாள். வேலை அலுப்பு என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கு வழியில்லை.

"நாமதான் எழுதினோம்," என்றாள்.

மருத்துவர் மூளைப் படங்களைப் பார்த்துவிட்டு, மறதி நோய் என்றும் போன நினைவு இனி திரும்பாது என்றும் சொன்னார். கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் எதற்கு வந்தோம் என்று கேட்டார்.

கூடுதலாகக் கழித்ததை எடுத்தபோது இரண்டு கடிகாரங்களும் அதுவரை இல்லாத அளவுக்கு ஒத்துப்போயின. ஆய்வக இயக்குநர் கீழே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க ரெண்டு பேருக்கும் இதைவிடப் பெரிய நாள் வராதும்மா." அவள் தலையை அசைத்துவிட்டு, லேசர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதன்பின் இரண்டையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவரைத் தனியே விட மனமில்லாமல் கூடவே அழைத்து வருவாள். மாடி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"நீங்க இங்க ரொம்ப நாளா வேலை பாக்குறீங்களா?"

வாழ்ந்த இத்தனை வருடத்தில் அவளை அவர் 'நீங்க' என்று சொன்னதே இல்லை.

"ஆமாங்க," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து."

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே," என்று சொல்லி, எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.