நீலத்தில் நான்கு மணி நேரம்

நேர்காணல் ஒரு மணிக்கு. பேருந்து அவளை எட்டரைக்கே இறக்கிவிட்டுப் போய்விட்டது. அடுத்த பேருந்தில் வந்திருந்தால் பன்னிரண்டே முக்கால் ஆகியிருக்கும். நடுவில் ஒரு டயர் பஞ்சரானால் கதை கந்தல். அதனால் நாலரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் தெரியாத ஊரில், தூறலில் நின்றாள்.

போன் அடித்தது. அக்கா.

"இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேன்."

"சாப்டியா?"

"பஸ்லயே ஆச்சு."

"நனையாம, குளிராம உக்கார்ற மாதிரி ஒரு இடம் பாரு. ஊர் சுத்தாத. வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்காத. முக்கியமா, பையில இருக்கற அந்தத் தடிப் புஸ்தகத்தத் திறக்காத. போன வாட்டி அதப் படிச்சு அழுது, கண்ணு ரெண்டும் தக்காளி மாதிரி வந்து நின்ன."

பின்னாலிருந்து அக்காவின் கணவர் கத்தினார். "பல்லிகிட்ட சொல்லு, நல்லா பல்லக் காட்டிப் பேசச் சொல்லி! இலவச விளம்பரம்!"

"மாமா சொன்னது கேட்டுச்சா?"

"இங்க பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டுச்சு."

நாலு வருடத்துக்கு முன்னால் செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அன்று மாமா அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். பிறகு வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த நாலு வருடமும் அவளுக்குக் கிடைத்தது பிளாஸ்டர் மேஜைதான். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டரைக் குழைத்து ஊற்றுவது, இறுகியதும் தட்டி எடுப்பது, ஓரம் சீவுவது. சாயங்காலம் ஆனால் புருவம் வரை வெள்ளைப் பொடி. அறையின் அந்தக் கோடியில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், பீங்கான் மேஜை இருந்தது. அங்கேதான் பல்லுக்கு நிறம் வரும். பீங்கான் மாவைச் சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, அடுக்கடுக்காக வைத்து, சூளையில் சுட்டு எடுப்பார்கள். பக்கத்துப் பல்லோடு நின்றால் எது பொய்ப்பல் என்று பெற்ற தாய்க்கே தெரியக்கூடாது.

அந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்றாவது முறை அவர், "என் மருமகன் அடுத்த வருஷம் படிச்சு முடிச்சிட்டு வர்றான்மா, அந்த இடம் அவனுக்கு" என்று முடித்துவிட்டார். இந்த ஊர் லேபுக்கு விண்ணப்பம் போட்டது அன்றைக்குத்தான். விளம்பரத்தில் தெளிவாக இருந்தது: பீங்கான் மேஜைக்கு ஒரு ஆள். வேறு எந்த மேஜைக்கும் இல்லை.

நிற எண்களை அவள் யாரிடமும் கற்கவில்லை. மாதிரிப் பற்கள் கோத்த பழைய அட்டை ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்துவைத்து, மதிய இடைவேளைகளில் எண்ணை மறைத்துப் பார்த்து மனப்பாடம் செய்தாள். ஏ வரிசை லேசாகச் சிவந்த பழுப்பு, பி மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். ஒவ்வொரு வரிசையிலும் எண் ஏற ஏற நிறம் ஆழமாகும். பிளாஸ்டர் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்து இன்னொன்றும் தெரிந்துகொண்டிருந்தாள். பீங்கான் மேஜைக்காரர்கள் நிறம் பார்ப்பதற்கு முன் சுவரில் ஒட்டிய நீல அட்டையைப் பார்ப்பார்கள். கண் களைப்பு போய்விடுமாம்.

ஆகவே, லேப் இருந்த தெருவைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரிலேயே நகராட்சி நீச்சல் குளத்தின் பலகையையும் கண்டபோது, அவளுக்கு அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது போலிருந்தது.

சீட்டுக் கொடுக்கிறவர் கண்ணாடிச் சதுரத்துக்குப் பின்னால் ரேடியோவைக் குறைத்தார்.

"குளிக்கவா, பாக்கவா?"

"பாக்க மட்டும்."

"உங்க புள்ள நீந்துதா உள்ள?"

"இல்ல. யாரும் இல்ல. சும்மா தண்ணியப் பாக்கணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மேல் வரிசையில உக்காருங்க. தவறி விழுந்து வச்சீங்கன்னா நான்தான் குதிக்கணும். எனக்கு ஏற்கெனவே சளி."

மேல் வரிசை மரப்பலகைகளுக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடியது. ஈரச் செருப்பைக் கழற்றிக் குழாய் பக்கத்தில் வைத்தாள். சற்று நேரத்தில் பாதங்கள் காய்ந்து, கணுக்கால் வரை சூடு ஏறியது. குளத்தின் ஓடுகள் நீலம், சுவர் நீலம், கூரையிலும் நீல வண்ணம். உச்சியில் எரிந்த விளக்குகள்கூட தண்ணீரில் விழுந்து நீலமாகவே திரும்பி வந்தன. கனத்த உடம்புக்காரர் ஒருவர் தலையை மட்டும் வாத்துபோல் வெளியே வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்தார். அவர் திரும்பும்போதெல்லாம் தண்ணீர் ஓரத்தில் ஒரு தடவை நாக்கைச் சப்புக்கொட்டியது.

நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. பையில் இருந்த நாவலைத் திறக்காமலே, அதில் வரும் பனி ஊரைப் பற்றி யோசித்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்த்தாள். ஒரு நேர்காணலுக்கு முன்னால் இவ்வளவு சுகமாக யாரும் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது. நீல அட்டை உள்ளங்கை அகலம். இதுவோ ஒரு மைதானம். மற்றவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவதை அவள் நாலு மணி நேரம் பார்க்கிறாள். கண் எவ்வளவு தெளிந்திருக்கும்!

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருவைக் கடந்து மாடி ஏறினாள். தூறல் நின்றிருந்தது. சுவர்கள் எல்லாம் வெண்ணெய் தடவினது போல இதமாகத் தெரிந்தன. உள்ளே வேலை செய்தவர்கள் இளமஞ்சள் கோட்டு போட்டிருந்தார்கள். ஒருவரின் கோட்டுப் பையில் மெழுகுக் கறை. வெள்ளைக் கோட்டைவிட இது அழகுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

லேபின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்மணியை எல்லாரும் மேடம் என்றார்கள். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, தலையின் மேல் இன்னொன்று. விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"நாலு வருஷமும் பிளாஸ்டர்தானா?"

"ஆமாங்க மேடம்."

"பீங்கான் தொட்டதே இல்ல?"

"தொட விடல. ஆனா நிறம் தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." அவர் ஒரு தட்டை நகர்த்தினார். ஐந்து மாதிரிப் பற்கள். எண் இருந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தது. "என் எதுக்க உக்காந்து நம்பர் சொல்லுங்க. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு எண்ணறதுக்குள்ள. ரொம்ப நேரம் உத்துப் பாத்தா பல்லு நம்மள ஏமாத்திடும்."

அவள் தயங்கவில்லை. ஏ த்ரீ. பி டூ. ஏ த்ரீ பாயிண்ட் ஃபைவ். சி டூ. ஏ டூ. தன் குரலே தனக்குப் பிடித்திருந்தது. மேடம் ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முகத்தில் எதுவும் இல்லை.

"சரி. முடிவு பண்ணிட்டு ரெண்டு நாள்ல கூப்பிடறோம்."

மொத்தம் பதினைந்து நிமிடம். ஊருக்குத் திரும்பும் பேருந்து ஆறு மணிக்கு.

லேபுக்குக் கீழே தெருமுனையில் ஒரு டீக்கடை. கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் மெத்தை வைத்த பெஞ்சு காலியாக இருந்தது. டீ சொல்லிவிட்டு, செருப்பிலிருந்து குதிகாலை மட்டும் விடுவித்துக்கொண்டு, அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"வெண்ணெயில கத்தி மாதிரி."

"உன்னக் கேட்டா பரீட்சையில கோட்டை விட்டதையும் அப்படித்தான் சொல்லுவ. என்ன கேட்டாங்க?"

"அஞ்சு பல்லு. அஞ்சுக்கும் டக் டக்னு சொன்னேன்."

"பல்லி சொன்னா பலன் உண்டுல்ல!" என்றது மாமாவின் குரல்.

அக்கா அவரை அதட்டிவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் இப்ப புஸ்தகம் படிச்சுக்கோ, பரவாயில்ல, அழுதுக்கோ" என்று வைத்தாள்.

அவள் அழவில்லை. நாற்பது பக்கம் படித்தாள், இரண்டாவது டீ குடித்தாள், இந்தத் தெருவில் வீடு பிடித்தால் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்றுகூட யோசித்தாள். இரண்டே கால் மணிக்கு லேப் ஆட்கள் நாலு பேர் டீ குடிக்க இறங்கி வந்தார்கள். கோட்டைக் கழற்றாமல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள்.

கோட்டு வெள்ளை.

சலவைக்கட்டி விளம்பரத்தில் வருகிற அப்பட்டமான வெள்ளை. வேறு கோட்டு மாற்றிக்கொண்டார்களோ என்று முதலில் நினைத்தாள். அப்படியில்லை. பையில் மெழுகுக் கறை இருந்த அதே கோட்டு, அதே ஆள். அவள் தன் டீக் கோப்பையைப் பார்த்தாள், வெள்ளை. எதிர்ச் சுவர், வெள்ளை. மதியம் வெண்ணெய் தடவியிருந்த தெருவில் இப்போது ஒரு துளி மஞ்சள் இல்லை.

நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண், நீலத்தை விட்டு வந்ததும் எல்லாவற்றிலும் மஞ்சளைச் சேர்த்துக் காட்டியிருக்கிறது. பீங்கான் மேஜைக்காரர்கள் அந்த அட்டையைச் சில நொடி மட்டும் பார்த்துவிட்டு விலகுவது ஏன் என்று இப்போது புரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தவளுக்கு அட்டை தெரிந்தது, நொடிக் கணக்கு உறைக்கவில்லை. ஐந்து பல்லையும் இருந்ததைவிட ஒரு படி ஆழமாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்காவுக்கு மறுபடி போன் போட்டாள்.

"போய் சொல்லப் போறியா? என்னன்னு? நீச்சல் குளத்த முறைச்சுப் பாத்தேன், அதனால பல்லு மஞ்சளாத் தெரிஞ்சுதுன்னா?"

"ஆமா."

"பைத்தியம்னு எழுதி வச்சுருவாங்கடி. ஒருவேள சரியாவே இருந்தா? சும்மா கிடக்கறதக் கிண்டாத."

"சரியா இருக்காதுக்கா. எனக்குத் தெரியும்."

"அப்ப வேலை போச்சுன்னே வச்சுக்கோ. அப்புறம் ஏன் அவமானமும் பட்டுட்டு வரணும்?"

போனை வைத்தாள். சும்மா இருந்தால் நாளை காலை மறுபடி பிளாஸ்டர். நிறம் தெரியாதவள் என்று ஒரு லேபில் எழுத்திலும் இருக்கும். அவளால் தாங்க முடியாதது இரண்டாவதுதான். குதிகாலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

மேடம் சூளைக்கு முன்னால் நின்றிருந்தார். "எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"மேடம், நான் சொன்ன அஞ்சும் தப்பு. அஞ்சும் ஒரே பக்கம் தப்பு. ஒவ்வொண்ணுலயும் ஒரு படி குறைச்சுக்கணும்."

மேடம் மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி, தலைக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ஏன்?"

சொன்னாள். குளம், வெந்நீர்க் குழாய், எட்டேமுக்கால் முதல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து வரை, எல்லாம். பாதி சொல்லும்போதே மேடம் திரும்பிக் கூப்பிட்டார். "மெழுகு! இங்க வா, இதக் கேளு."

மெழுகு மேஜைக்காரர் வந்து கேட்டார். "நாலு மணி நேரமா? எங்க பீங்கான் மேஜைக்காரருக்குக் காலையில நாலு நொடி பாக்கவே பொறுமை கிடையாது. அடுத்த வாட்டி ஒரு கப்பல்ல ஏறி வந்துடும்மா, இன்னும் நல்லா ரெஸ்ட் கிடைக்கும்."

யாரோ கொக்கரித்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் கால் நகரவில்லை.

மேடம் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து மதியத் தாளை எடுத்தார். "நேத்து வந்த ரெண்டு பேரும் ரெண்டு சரி, மூணு தப்பு. தப்பு அங்கொண்ணும் இங்கொண்ணுமா சிதறிக் கிடந்துச்சு. உங்களுது அஞ்சும் தப்பு. ஆனா அளவெடுத்து வச்ச மாதிரி தப்பு. கண்ணுல ஏதாவது கோளாறான்னு நினைச்சேன். பாவம், டாக்டர்கிட்ட போகச் சொல்லணும்னுகூட நினைச்சேன்."

"டாக்டர் வேணாம் மேடம். இன்னொரு வாட்டி பாக்கணும்."

"கடைசியா நீலம் எப்ப பாத்தீங்க?"

"அதுக்கப்புறம் வானத்தக்கூட பாக்கல."

மேடம் வேறு ஐந்து பற்களை எடுத்து, எண்களின் மேல் டேப் ஒட்டி, ஜன்னலோரத் தட்டில் வைத்தார். தூறலுக்குப் பிறகு மேகம் சமமாகப் பரவியிருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கமும் சாயாமல் விழுந்தது. இம்முறை அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை, நடுங்கியது. முதல் மூன்றை உடனே சொன்னாள். நாலாவதில் ஏ டூவா, டி டூவா என்று தடுமாறினாள். பார்வையை விலக்கி, சாம்பல் நிறச் சுவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, ஏ டூ என்றாள். ஐந்தாவது, பி த்ரீ.

மேடம் நகத்தால் டேப்புகளைக் கிள்ளி எடுத்தார். ஒவ்வொன்றாகத் தனக்கு மட்டும் தெரியும்படி புரட்டிப் பார்த்தார். பிறகு ஐந்தையும் எண் கீழே இருக்கும்படி திருப்பி அடுக்கினார்.

"நாலு சரி. ஒண்ணு தப்பு."

"எது மேடம்?"

"அத நான் சொல்ல மாட்டேன். முதல் ஆறு மாசம் நீங்க தனியா ஒரு பல்லும் முடிக்கக் கூடாது, என் பக்கத்துல உக்காந்து அடுக்கணும், நான் தட்டிவிட்டா மறுபடி அடுக்கணும். கோபம் வருமா?"

"வராது."

"வரும். எனக்கே வந்துச்சு. ஒண்ணாந் தேதியிலேருந்து வாங்க. தாள்ல எழுதித் தர்றேன்." சூளை மணி அடித்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அவள் தட்டின் முன்னாலேயே நின்றாள். அக்காவுக்குச் சொல்ல வேண்டும். மாமா கூரை பறக்கக் கத்துவார். முதலாளிக்கும் சொல்ல வேண்டும், அது நாளைய பாடு. மணி மூன்று.

"மேடம், என் பஸ் ஆறு மணிக்குத்தான். அந்த ஒண்ணு எதுன்னு பாத்துக்கிட்டு இங்கயே உக்காந்துக்கட்டுமா?"

மேடம் திரும்பாமலே காலால் ஒரு முக்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டார்.