தகடும் கம்பியும்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் போர்க்காலம். வள்ளத்துக்கும் இறங்குதுறைக் கல்லுக்கும் இடையில் அகப்பட்டு, குருநகர்ச் செபநாயகத்தின் வலது கையில் மோதிர விரலுக்குக் கீழிருந்த எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கையைக் கிழிக்காமலே இரண்டு கம்பிகளைச் செருகி எலும்பைப் பொருத்தினார்கள். கம்பி முனைகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்துக் கட்டிலில் சண்டிலிப்பாய்ச் செல்வரட்ணம், கந்தோர்க் கிளாக்கர். சைக்கிளால் விழுந்து அதே எலும்பை முறித்திருந்தார். அவருக்குக் கையைத் திறந்து தகடு வைத்து, ஆணி முடுக்கித் தைத்திருந்தார்கள்.

செபநாயகத்தின் மனைவி அற்புதராணிக்கு அது பொறுக்கவில்லை.

“உத்தியோகத்தருக்குத் தகடு, கடலுக்குப் போறவனுக்குக் கம்பி. பாத்தியளே?” என்று காதுக்குள் சொன்னாள். “உது சைக்கிள் கம்பியாயும் இருக்கும். மருந்தே வராத நேரத்திலை உது மட்டும் எங்காலை வந்தது?”

அதன்பிறகு கம்பியைப் பார்க்கிற நேரமெல்லாம் அவனுக்குக் கை கூடுதலாக நொந்தது. டொக்டர் பத்மாசினியிடம் கேட்டேவிட்டான்.

“ஏன் டொக்டர், எனக்குத் தகடு இல்லையோ?”

“உங்கடை எலும்பு ஒரு இடத்திலைதான் முறிஞ்சது, கம்பி பிடிக்கும். அவரின்ரை எலும்பு மூண்டு துண்டு. தகடு இல்லாட்டி நிக்காது.”

இரண்டு எக்ஸ்றே படங்களையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எது யாருடைய படம் என்று யார் கண்டது என்று நினைத்துக்கொண்டான் செபநாயகம்.

நாலு கிழமை கழித்துக் கம்பி எடுக்கப் போனபோது சட்டைப் பையில் ஒரு சைக்கிள் கம்பியும் கொண்டுபோனான். டொக்டர் குறட்டால் இழுத்தெடுத்ததைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தான். கையிலிருந்து வந்தது மெல்லியது, சைக்கிள் கம்பி முனையில் இருக்கிற திருகுப் புரியும் அதில் இல்லை. வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்தான்.

வெளியே வாங்கில் செல்வரட்ணம் உட்கார்ந்திருந்தார்.

“உம்மடை கையைக் காட்டும் பாப்பம்.”

செபநாயகத்தின் விரல் சற்றுக் கோணல். ஆனால் முக்கால்வாசி மடங்கியது. அவருடையது நேராக இருந்தது, பாதிகூட மடங்கவில்லை.

“உமக்கு வெட்டாமலே சரியாக்கினவை. என்னை ஏன் கிழிச்சவை? என்ரை கையிலை பழகிப் பாத்தினமோ தெரியாது.”

டொக்டர் சொன்னதைச் செபநாயகம் அப்படியே சொன்னான். சொல்லும்போதுதான் அவனுக்கே அது நியாயமாகப் பட்டது.

“உமக்கு ஆர் உப்பிடிச் சொல்லித் தந்தது?” என்று செல்வரட்ணம் அவனையே ஒரு மாதிரிப் பார்த்தார்.

விரலை மடக்கிப் பழக வரச் சொன்னதையும் நம்பாமல் அவர் போகாமல் விட்டிருந்தார். செபநாயகம் அவரை விடவில்லை. பயிற்சி அறை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனான். மூன்று மாதத்தில் அவர் பேனை பிடித்தார். செபநாயகம் அதற்கு முன்பே வலை இழுக்கத் தொடங்கியிருந்தான். விடியற்குளிரில் மட்டும் விரல் உளைந்தது.