தொட்டிக்கு வந்த படம்

சலவைச் சோடா கரைத்த தொட்டியில் வெந்நீர் ஆவி பறந்தது. ரங்கம்மா பழைய சினிமாப் படச்சுருளை அதில் முக்கி, விரலால் வழித்தாள். கறுப்பு கரைந்து இறங்க, பிலிம் கண்ணாடிபோல் வெளுத்து வந்தது. வெளுத்த பிலிம் வளையல் பட்டறைக்குப் போகும். கறுப்பில் வெள்ளி இருந்தது, அது முதலாளிக்கு. அதனால் சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் எல்லாப் பெண்களும் வாசலில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் நகக்கண்வரை சுரண்டிக் கழுவ வேண்டும். மேஸ்திரி சின்னராஜ் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

எதிரில் நின்ற செல்லி, ஒவ்வொரு சுருளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் முக்குவாள்.

"ராணி யாராச்சும் வந்தா சொல்லுக்கா, அட்டிகையக் கழட்டிக்கலாம்."

பக்கத்துத் தொட்டியில் நின்ற ரங்கம்மாவின் மகள் சாந்தம்மா சிரித்தாள். வெள்ளிக்கிழமை அவளை நிச்சயம் செய்யக் குந்தாரப்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

மத்தியானம் ஒரு மாட்டுவண்டி வந்தது. தகரப் பெட்டிகளோடு இறங்கிய கிழவரைப் பார்த்ததும் ரங்கம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள். நாராயணப்பன். பேசாத படக் காலத்தில் இந்தப் பக்கத்துக்கு முதன்முதலாகக் காமிராவோடு வந்தவர். குடும்பப் பெண்கள் யாரும் நடிக்க முன்வராதபோது, சொந்த ஊரான தளியில் கேழ்வரகுக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த ரங்கம்மாவை ராணியாக்கினார். படம் பெங்களூரில் ஓடியது. ஊர் அவளைக் கூத்தாடிச்சி என்றது. பெற்ற தகப்பனே கதவைச் சாத்தினான். அவள் இந்த மூக்கண்டப்பள்ளிக்கு வந்து, படத்தைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமல் பிழைத்தாள். படங்கள் பேச ஆரம்பித்ததும் அவர் கம்பெனி மூழ்கியது. டூரிங் கொட்டகைகளுக்குப் போஸ்டர் ஒட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

சின்னராஜ் பெட்டிகளைத் தராசில் ஏற்றினான். சம்சாரம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கிழவர் முணுமுணுத்தார். அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முகம் கழுவ அவர் கிணற்றடிக்குப் போனபோது ரங்கம்மா குடத்தோடு பின்னால் போனாள். அவளை அடையாளம் கண்டதும் அவர் தோள்துண்டை எடுத்து, கிழிந்த சட்டையை மூடிக்கொண்டார்.

"ரங்கம்மா, நீ இங்கயா?"

"பேரச் சொல்லாதீங்கய்யா. தளியில எடுத்தது அதுல இருக்கா?"

"ஒரு பெட்டி."

"அத எங்கிட்டயே குடுக்கச் சொல்லுங்க. செல்லி பாத்துட்டா எம் மக கல்யாணம் நின்னுடும்."

அவர் தலையசைத்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு சாண் பிலிம் துண்டை எடுத்தார். "இத மட்டும் வெட்டி வச்சிக்கிட்டேன். விக்க மனசு வரல."

ரங்கம்மா அதை வெயிலில் பிடித்தாள். கிரீடத்துக்குக் கீழே அச்சு அசலாகச் சாந்தம்மாவின் முகம்.

"இதையும் குடுத்துடுங்க."

"இது போனா, நான் படம் எடுத்தேன்னு சொல்ல ஒண்ணுமில்லம்மா."

"இருந்தா எம் மக வாழ்க்கை இல்லீங்க."

அவர் பிலிமை அவள் கையிலேயே விட்டுவிட்டார். "என்னாலதான் உனக்கு..." என்று தொடங்கி, கிணற்றுக்குள் பார்த்தார்.

தளிப் பெட்டி அவள் தொட்டிக்கே வந்தது. மடியில் செருகியிருந்த துண்டை முதலில் முக்கினாள். கிரீடம் உடனே கரைந்தது. முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

"என்னக்கா அவ்ளோ அவசரம்?" என்றாள் செல்லி. ரங்கம்மா வெறும் பிலிமைக் கொடியில் போட்டாள்.

சாயங்காலம் தாம்பாளத்தின் முன் நின்றார்கள். பணத்துக்காகக் காத்திருந்த நாராயணப்பன், காலி வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கட்டைவிரல்ல பாரு, அப்படியே இருக்குது" என்றான் சின்னராஜ். "சுரண்டு."

ரங்கம்மா ஈர்க்குச்சியால் நகக்கண்ணைச் சுரண்டினாள். கறுப்பு தண்ணீரில் இறங்கியது. சின்னராஜ் தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் முதலாளியின் டின்னில் ஊற்றிப் பூட்டினான்.